மெரியோனின் ‘லா மோர்க்’: ஓர் எச்சிங் படியைப் பார்த்து, அளந்து, பதிவு செய்யும் முறை

பிரெஞ்சுக் கலைஞர் சார்ல் மெரியோன் 1854-ல் தாமிரத் தகட்டில் உருவாக்கிய ‘லா மோர்க்’ என்னும் எச்சிங்கின் (அமிலத்தால் கோடுகளை அரித்த தகட்டில் மை பூசி அச்சிடும் படத்தின்) அச்சுப்படி ஒன்று உங்கள் முன் வைக்கப்பட்டால், அதை எந்த வரிசையில் பார்ப்பது, எதை அளப்பது, எப்போது பட்டியல் நூலைத் திறப்பது என்பதை இந்த வழிகாட்டி சொல்கிறது. பாரிஸின் பழைய பிணவறையும், சேன் ஆற்றிலிருந்து எடுத்த ஒருவரின் உடலை அதை நோக்கித் தூக்கிச் செல்வதும்தான் காட்சி.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அந்த உடலைத்தான் முதலில் பார்க்கிறார்கள்; பார்த்தவுடன் துயரத்தைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்தப் படத்தின் இருட்டில் ஒரு பங்குதான் தகட்டின் கோடுகளில் இருக்கிறது. மறு பங்கு, அச்சிட்டவர் தகட்டின் மேல் விட்டுவைத்த மையிலும் அவர் எடுத்த தாளின் நிறத்திலும் இருக்கிறது, அது படிக்குப் படி மாறும். எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்காமல் எழுதிய குறிப்பு, அதே படைப்பின் இன்னொரு படியைப் பார்த்த அன்றே பொருந்தாமல் போகும். ஆகவே கீழே உள்ள வரிசையில் பொருள் முதலிலும் காட்சி பிறகும் வருகின்றன.

1. போவதற்கு முன்

அருங்காட்சியகங்களின் அச்சுப்படப் பிரிவுகளில் முன்கூட்டியே எழுதி நேரம் பெற வேண்டும். படைப்பின் பெயரோடு பட்டியல் எண்ணையும் குறிப்பிடுங்கள். மெரியோனின் அச்சுப்படங்களைத் தொகுத்த பட்டியல் நூல்களில், லொய்ஸ் தெல்தேயின் 1907-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தப் படைப்பு 36-ஆம் எண். ரிச்சர்ட் ஷ்னைடர்மேனின் 1990-ஆம் ஆண்டுப் பட்டியலில் 42-ஆம் எண். எண்ணைத் தந்தால் ஊழியருக்குத் தேடும் வேலை குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் அங்கே இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வைக்கும்படி கேளுங்கள். இரண்டு படிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் அரை மணி நேரம், ஒன்றை மட்டும் நாள் முழுதும் பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: மென்மையான பென்சில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ், கோடு போடாத நோட்டு. பேனா வேண்டாம், அதை உள்ளே கொண்டுவர எங்கும் விடமாட்டார்கள். உலோக அளவுகோலும் வேண்டாம். அதன் விளிம்பு தாளைக் கீறிவிடும்.

நேரில் போக முடியாதவர்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், சிகாகோ கலைக் கழகம் ஆகியவற்றின் இணையப் பக்கங்களில் மெரியோனின் படிகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் கீழே உள்ள பகுதிகளில் 7, 8 இரண்டை மட்டுமே திரையில் ஓரளவு நம்பிச் செய்ய முடியும். தாள், மேடு, மை ஆகியவற்றைத் திரை சொல்லாது.

2. கையாளுதல்

கையைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். துணிக் கையுறை பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் விரலின் நுண்ணுணர்வு போய்விடும், தாளின் ஓரமும் மடங்கும். எந்த வழக்கத்தைப் பின்பற்றுவது என்று அங்குள்ள ஊழியரைக் கேட்டுவிட்டு அதன்படி செய்யுங்கள்.

தாளை இரண்டு கைகளாலும், எதிரெதிர் ஓரங்களைத் தாங்கி எடுக்க வேண்டும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் தாளில் பிறை வடிவில் ஒரு மடிப்பு விழும். அதை நீக்க முடியாது. மவுன்ட் அட்டைக்குள் இருந்தால் அட்டையோடு சேர்த்தே நகர்த்துங்கள். படியை ஒரே ஒருமுறை மட்டும் திருப்புவது என்று முன்பே முடிவு செய்துகொண்டால், முன்புறத்தில் பார்க்க வேண்டியவை அனைத்தையும் முடித்த பிறகே பின்புறத்துக்குப் போவீர்கள்.

3. தாள்

முதலில் படத்தைப் பார்க்காமல், படத்தைச் சுற்றியுள்ள வெற்று ஓரத்தைப் பாருங்கள். தாளின் உண்மையான நிறம் அங்கேதான் தெரியும். படத்தை முதலில் பார்த்துவிட்டால் மையின் கருமை கண்ணைப் பழக்கிவிடும், பிறகு எந்தத் தாளும் வெளிறிய மஞ்சளாகத்தான் தோன்றும்.

மெரியோன் தாளைப் பொறுக்கி எடுத்தவர். பழைய கைத்தாள்களிலும், மெல்லிய பச்சை ஓடிய தாளிலும், ‘ஹுடெலிஸ்ட்’ என்ற நீர்க்குறி உள்ள தாளிலும் அவருடைய படிகள் கிடைக்கின்றன. பச்சைத் தாளில் அடித்த படியில் வானம் குளிர்ந்து தெரியும், வெண்தாளில் அதே வானம் வெறும் பகலாகிவிடும். காட்சியின் மனநிலையைப் பற்றி ஒரு வரி எழுதும் முன் தாளின் நிறத்தை எழுதிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தாளின் வகையை அறிய ஊழியரிடம் தட்டையான ஒளித்தகடு கேளுங்கள். அடியிலிருந்து ஒளி வரும்போது நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்காக வெட்டும் அகன்ற இடைவெளிக் கோடுகளும் தெரிந்தால் அது கம்பிச் சல்லடையில் வார்த்த வரித்தாள். அகன்ற கோடுகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர், அவை செங்குத்தா கிடையா என்று குறியுங்கள். நீர்க்குறி இருந்தால் அதன் வடிவத்தை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். அரைகுறையாகத் தெரிந்தாலும் தெரிந்த அளவுக்கு வரையுங்கள். ஒளித்தகடு இல்லையென்றால் ஜன்னலை நோக்கித் தாளைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். தூக்கியதும் தாள் வளையும், வெயிலும் நேரே படும். காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்பது பாதுகாப்பு வழக்கம்.

4. தகட்டுத் தடம்

நனைத்த தாளைத் தகட்டின் மேல் வைத்து உருளை அச்சு இயந்திரத்தில் அழுத்தும்போது தகட்டின் விளிம்பு தாளில் பதிகிறது. அந்தப் பள்ளமே தகட்டுத் தடம். அளக்க வேண்டியது அதைத்தான், தாளை அல்ல. தாளை யார் வேண்டுமானாலும் பிற்காலத்தில் வெட்டியிருக்கலாம், தகட்டின் அளவு மாறாது.

உயரத்தை முதலில், அகலத்தைப் பிறகு எழுதுங்கள். ‘லா மோர்க்’ ஏறக்குறைய 23 செ.மீ. உயரமும் 21 செ.மீ. அகலமும் உள்ளது. ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண்டு பதற வேண்டாம். நனைந்த தாள் உலரும்போது சுருங்கும், எல்லாத் தாளும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வேறுபாடு அதற்கு மேல் போனால் மட்டும் சந்தேகப்படுங்கள். தகட்டின் அளவுக்குப் பிறகு தாளின் அளவையும் தனியாக எழுதுங்கள். இரண்டையும் எது எது என்று சொல்லாமல் எழுதிவைப்பதே நான் அதிகம் திருத்திய தவறு.

5. இது தகட்டிலிருந்து வந்த படிதானா?

தகட்டுத் தடம் இருப்பது மட்டும் சான்றாகாது. புகைப்பட வழியில் உருவாக்கிய தகட்டுக்கும் தடம் உண்டு. சாதாரண ஆஃப்செட் படத்தின் மேல் வெற்றுத் தகட்டை அழுத்தி எடுத்த பொய்த் தடமும் உண்டு. ஆகவே லென்ஸைத் தாளில் படாமல் மேலே பிடித்துக் கோட்டையே பாருங்கள்.

எச்சிங்கில், மெழுகும் பிசினும் கலந்த பூச்சுத் தகட்டின் மேல் இருக்கும். ஊசி அந்தப் பூச்சை மட்டுமே நீக்குகிறது. தாமிரத்தை அரிப்பது அமிலம். அதனால் கோட்டின் அகலம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், முனை மழுங்கி முடியும். உளியால் நேரே வெட்டிய கோடு நடுவில் தடித்து முனையில் கூராகும். அமிலமே இல்லாமல் ஊசியால் தகட்டைக் கீறும் டிரைபாயின்ட் கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால், கோட்டைச் சுற்றி வெல்வெட் போன்ற மங்கல் தெரியும். மெரியோன் எச்சிங் கோட்டையே பெரும்பாலும் நம்பினார், டிரைபாயின்ட்டை அங்கங்கே சேர்த்தார். பிசிறு அச்சு அழுத்தத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அது தெரிந்தால் அந்தப் படி முந்தியது என்று எண்ணலாம்.

லென்ஸில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது அச்சகப் பிரதி. எல்லாக் கோடுகளும் தாளோடு ஒட்டிக்கிடந்து, ஆழமான நிழலிலும் மை மேடாக நிற்கவில்லையென்றால் புகைப்பட வழித் தகடாக இருக்கலாம். மேட்டைப் பார்க்கச் சிறு விளக்கைத் தாளுக்கு ஏறக்குறைய இணையாகப் பக்கவாட்டில் வையுங்கள். அசல் படியில் அடர்ந்த கோடுகள் தாளிலிருந்து எழும்பி மெல்லிய நிழல் விழுத்தும். தடவிப் பார்க்கலாமே என்று தோன்றும், தடவக் கூடாது.

6. மையும் அதன் படலமும்

மெரியோனின் பாரிஸ் தகடுகளில் பலவற்றை அச்சிட்டவர் ஓகுஸ்த் தெலாத்ர். சூடாக்கிய தகட்டில் மையைப் பூசி, விறைப்பான சல்லாத் துணியால் துடைக்கும்போது மேற்பரப்பு மையை முழுவதும் எடுத்துவிடலாம், அல்லது மெல்லிய படலமாக விட்டுவைக்கலாம். கோட்டுக்குள் இருக்கும் மையைத் துணியால் லேசாக இழுத்துக் கோட்டின் ஓரங்களைக் கரைத்துக் காட்டவும் முடியும். இந்தத் துடைப்புக் கலையில் தெலாத்ர் பெரும் பெயர் பெற்றவர்.

இந்தப் படத்தில் படலத்தைக் கண்டறிய மூன்று இடங்களைப் பாருங்கள். கோடே இல்லாத தகட்டு விளிம்பு முதல் இடம். அந்த விளிம்புக்கு வெளியே உள்ள தாளைவிட உள்ளே சற்று மங்கலாக இருந்தால் படலம் உண்டு. வானத்தின் வெற்றிடங்கள் இரண்டாவது; அங்கே ஒரே திசையில் ஓடும் மெல்லிய துடைப்புத் தடங்கள் சில படிகளில் தெரியும். வீடுகளின் ஜன்னல் பள்ளங்கள் மூன்றாவது. சுத்தமாகத் துடைத்த படியில் ஜன்னலின் கருமைக்குள் குறுக்கும் நெடுக்குமான கோடுகளைத் தனித்தனியாக எண்ணலாம். மை இழுத்த படியில் அவை ஒன்றாகி, வெறும் கரும்பள்ளமாக நிற்கும்.

இவ்விரண்டு படிகளின் முன் நிற்பவர்கள் இரு வேறு காட்சிகளைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவர் வெளிச்சத்தில் நடக்கும் கொடுமை என்பார், மற்றவர் நகரமே இருண்டது என்பார். இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் வரைந்தவரைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு துடைத்தவரைப் பற்றிச் சொல்கிறார்கள். என் கருத்தில் இந்தத் தகடு சுத்தமாகத் துடைத்த படிகளில்தான் தன் முழு வலுவோடு நிற்கிறது. சுவரின் ஒவ்வொரு கல்லும் தெளிவாகத் தெரியும் பகலில் அந்த உடல் போவதுதான் இதில் தாங்க முடியாதது.

மையின் நிறத்தையும் எழுதுங்கள்: கருப்பா, பழுப்பு ஓடிய கருப்பா. ஆனால் அந்தப் பழுப்புக்குப் பெரிய பொருள் கற்பிக்க வேண்டாம். மெரியோனுக்கு நிறக்குருடு இருந்தது. வண்ண ஓவியத்தை விட்டு அவர் எச்சிங்குக்கு வந்ததற்கு அதுவே காரணம்.

7. இப்போது காட்சி

கீழிருந்து மேலே படியுங்கள். கண் தானாக உடலிடம் போகும், அதை ஒரு நிமிடம் தள்ளிவைத்து ஆற்றிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர், துவைப்போரின் இடம், கரைச்சுவர், அதற்கு மேல் தாழ்வான பிணவறைக் கட்டடம், அதன் பின்னால் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பது போன்ற உயரமான வீடுகள், அவற்றுக்கும் மேலே புகை. இந்த அடுக்கைக் கண்டுகொண்டால், மெரியோன் மனிதர்களை எவ்வளவு சிறியவர்களாக வைத்திருக்கிறார் என்பது அளவோடு புரியும்.

பிறகு மனிதர்கள். நீரில் மூழ்கி இறந்தவரை இருவர் தூக்கிச் செல்கிறார்கள். காவலர் ஒருவர் கையை நீட்டி வழி காட்டுகிறார். ஒரு பெண் கதறுகிறாள், அருகே ஒரு குழந்தை இருக்கிறது. கரைச்சுவரின் மேல் வரிசையாகச் சாய்ந்தபடி ஒரு கூட்டம் பார்க்கிறது. லென்ஸை அந்தக் கூட்டத்தின் மேல் பிடியுங்கள். ஒவ்வொரு தலையும் சில கீறல்கள்தான். ஆனால் குனிந்தவர், எட்டிப் பார்ப்பவர் எனத் தோரணை ஒவ்வொருவருக்கும் வேறு.

இங்கே ஒரு செய்தி தேவை. சித்தே தீவில் மார்ஷே-நொஃப் கரையிலிருந்த இந்தப் பிணவறை 1804 முதல் இயங்கியது. அடையாளம் தெரியாத உடல்கள் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்தப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆகவே சுவர்மேல் சாய்ந்த கூட்டம் ஓவியர் அழகுக்காகச் சேர்த்த அலங்காரம் அல்ல, அந்த இடத்தின் அன்றாட வழக்கமே அது. பாரிஸை மாற்றியமைத்த அதிகாரி ஓஸ்மானின் நகர மாற்றங்களில் கட்டடம் இடிக்கப்பட்டு, 1864-ல் நோத்ர தாம் தேவாலயத்தின் பின்புறம் புதிய பிணவறை திறக்கப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பிணவறைப் படங்களில் பல இந்தப் புதிய கட்டடத்தைக் காட்டுபவை. அவற்றோடு இந்த எச்சிங்கை ஒப்பிட்டு ‘மெரியோன் கட்டடத்தை மாற்றி வரைந்தார்’ என்று எழுதும் தவறை அடிக்கடி காண்கிறேன்.

வீட்டுச் சுவர்களின் எழுத்துகளையும் வாசியுங்கள். தாளில் நேராகத் தெரியும் எழுத்து தகட்டில் கண்ணாடி பிம்பம் போல இடவலம் மாறி எழுதப்பட்டது. அதனால் எழுத்துகளில் தடுமாற்றம் இருந்தால் அப்படியே குறியுங்கள், திருத்தி எழுதாதீர்கள். ‘சப்ரா, மக்களின் பல் மருத்துவர்’ என்ற விளம்பரம் உங்கள் படியில் இருக்கிறதா, இல்லையா, பாதி அழிந்திருக்கிறதா என்பது அடுத்த பகுதிக்கு நேரடியாக உதவும்.

8. நிலையைத் தீர்மானித்தல்

தகட்டில் ஒரு கோடு சேர்த்தாலும் ஓர் எழுத்தை அழித்தாலும், அதற்குப் பின் எடுக்கும் படிகள் புதிய ‘நிலை’ ஆகும். மெரியோன் தன் தகடுகளைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருந்தவர். ‘லு போன் ஓ ஷான்ஜ்’ தகட்டின் வானத்தில் முதலில் இருந்த பலூனை நீக்கிப் பின்னாளில் பறவைகளை நிறைத்தார். ஆகவே மெரியோனைப் பொறுத்தவரை நிலை என்பது வெறும் எண்ணாக நிற்காது, படத்தின் பொருளையே மாற்றக்கூடியது.

இதுவரை பட்டியல் நூலைத் திறக்கச் சொல்லவில்லை. நூலை முதலில் திறந்தவர்கள், தாம் எதிர்பார்க்கும் நிலையின் அடையாளங்களை மட்டுமே தேடுகிறார்கள், அவற்றைக் கண்டும்விடுகிறார்கள். உங்கள் குறிப்புகள் தயாரான பிறகு நூலை எடுத்து, ஒவ்வொரு நிலைக்கும் சொல்லப்பட்ட மாற்றத்தை உங்கள் படியில் தேடுங்கள். முதலில் எழுத்துகள்: கையொப்பம், முகவரி, தலைப்பு, சுவர் விளம்பரங்கள். எழுத்து ஒன்று இருக்கும் அல்லது இருக்காது, ஆகவே அதில் ஐயத்துக்கு இடம் குறைவு. அதன் பிறகே நிழலில் சேர்த்த கோடுகளைப் பாருங்கள். மை அதிகமுள்ள படியில் இல்லாத கோடும் இருப்பது போலத் தோன்றும். இங்கேதான் 6-ஆம் பகுதியில் எடுத்த குறிப்பு உங்களைக் காப்பாற்றும்.

மூன்று எச்சரிக்கைகள். விற்பனைப் பட்டியலில் 4/7 என்று கண்டால் அது ஏழு நிலைகளில் நான்காவது என்று பொருள்படும். ஏழு படிகளில் நான்காவது படி என்பதல்ல. படிகளுக்குப் பென்சிலில் எண்ணிடும் வழக்கம் அப்போது பரவவில்லை. இரண்டாவது, 1854 என்பது தகட்டின் ஆண்டு. உங்கள் கையிலுள்ள படி பல ஆண்டுகள் கழித்து அச்சிடப்பட்டிருக்கலாம். அதைத் தாளும் கோட்டின் தேய்மானமும்தான் சொல்லும். மூன்றாவது, தெல்தேயும் ஷ்னைடர்மேனும் நிலைகளை எண்ணும் விதம் எப்போதும் ஒத்துப்போகும் என்று கொள்ளக் கூடாது. எந்த நூலின்படி என்று எழுதாத நிலை எண்ணால் பயனில்லை.

9. பின்புறம்

இப்போது ஒருமுறை திருப்புங்கள். சேகரிப்பாளர்களின் முத்திரைகள், பென்சில் குறிப்புகள், பழைய பசைத்தடங்கள் அங்கே இருக்கும். மெரியோனின் முதல் பட்டியலை 1863-ல் வெளியிட்ட பிலிப் பியூர்த்தி போன்றோரின் முத்திரை ஒரு படியில் இருப்பது அது பயணித்த வழியைக் காட்டும். முத்திரைகளை ஃப்ரிட்ஸ் லுக்டின் தொகுப்பில் தேடலாம். அது இணையத்திலும் இருக்கிறது. முத்திரையை அளந்து, நிறத்தோடு வரைந்துகொள்ளுங்கள். பெயரை ஊகித்து எழுத வேண்டாம்.

பழுதுகளும் பின்புறத்தில்தான் ஒளிவின்றித் தெரியும். முன்புறம் ஒழுங்காக இருந்தும் பின்னால் ஒரு பகுதி மட்டும் வெளுத்திருந்தால் அங்கே கழுவியோ ஒட்டியோ இருக்கிறார்கள்.

10. புகைப்படம்

அனுமதி இருந்தால் ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முழுப் படம் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் நெருக்கமாக ஒன்று. கைப்பேசிக் கேமரா தானாகவே நிறத்தைச் சமன் செய்து பச்சைத் தாளை வெள்ளையாக்கிவிடும். ஆகவே சாம்பல் நிற அட்டை ஒன்றைத் தாளுக்கு அருகே, அதைத் தொடாமல் வைத்து எடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை நோட்டில் எழுதியதே இறுதி.

11. பதிவை எழுதுதல்

எல்லாவற்றையும் அதே மேசையில், படி உங்கள் முன் இருக்கும்போதே எழுதி முடியுங்கள். வீட்டுக்குப் போய்ப் புகைப்படத்தைப் பார்த்து எழுதினால் தாளின் விவரமும் மையின் மேடும் தவறிவிடும். வரிசை இது: படைத்தவரும் ஆண்டுகளும் (சார்ல் மெரியோன், 1821–1868), தலைப்பு, தகட்டின் ஆண்டு, செய்முறை, தாளின் வகையும் நிறமும், தகட்டு அளவு, தாள் அளவு, பட்டியல் எண்கள், நிலை, துடைப்பின் தன்மை, எழுத்துகள், முத்திரைகள், பழுதுகள். காட்சியின் விளக்கம் இவற்றுக்குப் பிறகு தனிப் பத்தியாக வரட்டும். அதில் நீங்கள் உணர்ந்ததைத் தயங்காமல் எழுதலாம். எந்தப் படியின் முன் உணர்ந்தீர்கள் என்பது மேலேயே இருக்கும்.

இந்தத் தகட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ‘மரணத்தின் விடுதி’ என்று பொருள்படும் தலைப்பில் பிணவறை பற்றித் தாமே எழுதிய கவிதையையும் மெரியோன் 1854-ல் தகட்டில் செதுக்கினார். அதன் படி அங்கே இருந்தால் அதே நாளில் கேட்டுப் பெற்று, அதற்கும் இதே வரிசையில் தனிப் பதிவு எழுதுங்கள். கவிதை வரிகளை எடுத்து ‘லா மோர்க்’ பதிவுக்குள் கலக்காமல், ஒன்றில் மற்றதன் எண்ணை மட்டும் குறிப்பிட்டால் பின்னால் வருபவர் இரண்டையும் எளிதில் கண்டுகொள்வார்.